தனித்தேர்வர் (கடிதம்)

வணக்கம் சார்,

நான்கு வருடங்களாக உங்களைப் படித்துவருகிறேன். எழுதுவது முதல் தடவை. பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம். வயது 47. எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன், கூடவே வயரிங் கான்ட்ராக்ட். 1992-ல் அப்பா தவறியபோது ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. கல்யாணப் பேச்சில் தரகர் 'ப்ளஸ் டூ' என்று சொல்லிவிட்டார், நாங்களும் மறுக்கவில்லை. மனைவி பி.காம். அவருக்கு இன்றுவரை தெரியாது. மகளைப் பள்ளியில் சேர்க்கும் படிவத்தில் 'தந்தையின் கல்வித் தகுதி' என்ற இடத்தில் அவரே அழகான கையெழுத்தில் +2 என்று எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் பத்தாம் வகுப்புக்குத் தனித்தேர்வராகப் பணம் கட்டியிருக்கிறேன். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் போகும் நாட்களில் ஆடிட்டரைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்கிறேன். புத்தகங்கள் கடையில், எம்.சி.பி. பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கின்றன. கணக்குதான் பயமாக இருக்கிறது. மகளும் இந்த வருடம் பத்தாவது. பாஸ் செய்தபிறகு மார்க் ஷீட்டைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். சரியா சார்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எம்.சி.பி. பெட்டிகளுக்குப் பின்னால் என்று படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஒளித்து வைத்துப் படிக்கும் ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் வாத்தியார் வேலை பார்த்தவன், தனித்தேர்வர் மையங்களில் எத்தனையோ தடவை ஹால் டியூட்டி பார்த்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் ஹாலில் மணி அடிக்கும்வரை சலசலப்பு ஓயாது. தனித்தேர்வர் ஹாலில் ஒன்பதே முக்காலுக்கே அமைதி. பெஞ்சுக்கு அடியில் முட்டி நுழையாமல் காலைப் பக்கவாட்டில் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். மூக்குக் கண்ணாடியை எடுக்கக்கூட எழுந்து நின்று அனுமதி கேட்பார்கள்.

ஒருமுறை முகப்புத் தாளில் அச்சாகியிருந்த போட்டோவையும் ஆளையும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தேன். நான்காவது பெஞ்சில் எங்கள் தெருக்கோடி மாவு மில்காரர். குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். ஆனால் காது மடலில் மட்டும் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. நான் தெரியாதவன் போலக் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தேன். அன்று சாயங்காலம் டீக்கடையில் பார்த்தபோது அவரும் தெரியாதவர் போல நின்றார். அந்த வருடம் இங்கிலீஷில் போய்விட்டது. மறுபடி எழுதினார், பாஸ் செய்தார், அரைக் கிலோ லட்டோடு வீட்டுக்கு வந்தார். அவர் மனைவியிடம் அதற்குப் பிறகுதான் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா என் மனைவியிடம் சொன்னது இது: "பத்தாவது படிச்சிருந்தா என்ன, படிக்காட்டி என்ன? ரெண்டு வருஷமா இந்த மனுஷன் சொல்லாம கொள்ளாம எங்கேயோ போறாரேன்னு நான் என்னென்னமோ நினைச்சு அழுதிருக்கேன்."

உங்கள் ஆடிட்டரும் ரொம்ப நாள் தாங்கமாட்டார். பி.காம். படித்தவரிடம் போய் ஆடிட்டர் பெயரைச் சொல்லியிருக்கிறீர்கள்!

ஏன் ஒளிக்கிறோம் என்பது எனக்குப் புரிகிறது. கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா 2018-ல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். நாடே கொண்டாடியது, 2020-ல் குடியரசுத் தலைவர் கையால் விருது வாங்கினார். 96 வயதில் யாரும் ஒளிக்க வேண்டியதில்லை, ஃபெயில் ஆனாலும் கைதட்டுவார்கள். 47 வயதுக்காரனிடம் "இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்பார்கள். தவிர, நீங்களும் நானும் வளர்ந்த காலத்தில் பரீட்சை முடிவு மாலைப் பத்திரிகையில் நம்பர் நம்பராக வரும். நம்பர் வராதவனைத் தெருவே துக்கம் விசாரிக்கும். அந்தப் பயம் உடம்பில் இருக்கும்தானே. பரீட்சை எழுதுவதை ஊருக்கும் கடைப் பையன்களுக்கும் சொல்லாதீர்கள், தப்பே இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் ரகசியம் ஒன்றில்லை, இரண்டு. பரீட்சை உங்களுடையது. அந்த +2 உங்கள் மனைவியுடையது, அவரையே அவர் கையால் எழுத வைத்த பொய். மார்க் ஷீட் வந்தால் அது கழுவிக்கொண்டு போய்விடும் என்று நினைக்கிறீர்கள். மார்க் ஷீட்டில் தேர்ச்சி பெற்ற மாதமும் வருடமும் இருக்கும் ஐயா. 'இப்போது பத்தாவது பாஸ்' என்று நீட்டினால், 'அப்போது ப்ளஸ் டூ இல்லை' என்பதைத்தான் அவர் முதலில் படிப்பார். சந்தோஷப்படவேண்டிய நாளில் அவரை அழ வைப்பானேன்?

அதெல்லாம் போகட்டும். தனித்தேர்வருக்கும் பள்ளி மாணவருக்கும் ஒரே கால அட்டவணை, ஒரே வினாத்தாள். பத்து மணிக்கு ஹாலில் இருக்கவேண்டும். முதல் பத்து நிமிடம் வினாத்தாள் படிக்க, அடுத்த ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, அப்புறம் மூன்று மணி நேரம் எழுத. பரீட்சை நடக்கும் ஒவ்வொரு காலையும் உங்கள் மகளை யார் கொண்டு விடுவது? பத்தாவது எழுதும் மகளை விட்டுவிட்டு எந்த அப்பா தினமும் ஆடிட்டரைப் பார்க்கப் போவார்? மனைவியிடம் இப்போதே சொல்லுங்கள். ராத்திரி மகள் தூங்கியபிறகு, முதலில் அந்த +2, அப்புறம் பரீட்சை. கோபப்படுவார், படட்டும். மகளிடம் எப்போது சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவருக்கு முன்னால் மகளிடம் சொல்லி அந்தப் பிள்ளையையும் ரகசியத்தில் கூட்டுச் சேர்த்துவிடாதீர்கள்.

இனி கணக்கு. பயம் வேண்டாம். நூறு மார்க்கில் 35 போதும். கடைசிப் பகுதியில் வடிவியலும் வரைபடமும் தலா எட்டு மார்க், மொத்தம் 16. சுவரில் நூல் பிடித்துக் குழாய்க்குக் கோடு போடும் கைக்கு வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது பெரிய காரியமில்லை. ஒரு மார்க் கேள்விகள் 14, பாடத்துக்குப் பின்னால் இருப்பவற்றைப் போட்டுப் பழகுங்கள். அறிவியலில் எழுத்துத் தேர்வில் 75-க்கு 20, செய்முறையில் 25-க்கு 15 எடுத்தாகவேண்டும். செய்முறையில் கம்பியின் மின்தடை எண் காணும் சோதனை வரும். அம்மீட்டரை எப்படி இணைப்பது என்று சின்ன வயது டீச்சர் யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் வித்தை வேறு, அதை நோட்டில் 'நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை' என்று எழுதுவது வேறு. மார்க் அந்த நோட்டுக்குத்தான்.

கணக்குப் பரீட்சைக்குக் காம்பஸ், பென்சில் எல்லாம் தனியாக ஒரு செட் வாங்கிவிடுங்கள். மகளுடைய ஜியாமெட்ரி பாக்ஸைக் கேட்க முடியாது. அவளுக்கும் அன்றைக்கு அதே பரீட்சை.