ஜிகர்தண்டா விளம்பரத்தை 15 நாளில் முடிக்க முடியுமா?

கேள்வி: நானும் நண்பரும் சேர்ந்து பொம்மைகளை நகர்த்தி நகர்த்திப் படமெடுக்கும் ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ தொடங்கியிருக்கிறோம். அவர் விளாச்சேரியில் பொம்மை செய்யும் குடும்பம்; நான் எடிட்டிங். எங்கள் வீட்டு மொட்டை மாடித் தகரக் கொட்டகைதான் ஸ்டூடியோ. ஜிகர்தண்டா கடைக்காரர் ஒருவர் 40 வினாடி விளம்பரம் கேட்கிறார். சித்திரைத் திருவிழாவுக்கு முன் வேண்டுமாம், 15 நாள்தான் இருக்கிறது. சோதனைக்கு எடுத்த 10 வினாடியில் படம் மினுக்குகிறது. பொம்மையின் கை பாதியில் ஒடிந்துவிட்டது. மதியம் ஆனால் களிமண் இளகுகிறது. கடன் வாங்கியாவது நல்ல கேமரா வாங்கிவிடலாமா?
– வாசகர், வில்லாபுரம், மதுரை

பதில்: கேமராவுக்குக் கடன் வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று கோளாறுகளுமே உங்கள் கேமரா பழசு என்பதால் வந்தவையல்ல.

முதலில் மினுக்கல். எக்ஸ்போஷர், ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் நான்கையும் மேனுவலில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒன்று ஆட்டோவில் இருந்தாலும் படம் துடிக்கும். அதற்குப் பிறகும் மினுக்கினால் ஒரு சோதனை இருக்கிறது. பொம்மையை எடுத்துவிட்டு ஒரு சாம்பல் நிற அட்டையை வையுங்கள். எதையும் தொடாமல், லென்ஸ் துவாரத்தைச் சற்றுச் சுருக்கி எஃப் 8 அளவில் வைத்து 50 படம் எடுங்கள். பிறகு துவாரத்தை முழுதாகத் திறந்து, அதற்கேற்ப ஷட்டரை மாற்றிக்கொண்டு, இன்னொரு 50. இரண்டையும் ஓட்டிப் பார்க்கும்போது முதலாவது மட்டும் மினுக்கினால் லென்ஸ்தான் காரணம். ஒவ்வொரு படத்துக்கும் துவாரம் சுருங்கி விரியும்போது மயிரிழை வித்தியாசம் வருகிறது. துவாரத்தைக் கையால் திருப்பி வைக்கும் பழைய மேனுவல் லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டினால் இது தீர்ந்துவிடும். புது கேமராவோடு ஒப்பிட்டால் செலவும் சொற்பம்.

இரண்டுமே மினுக்கினால் விளக்கைப் பாருங்கள். ஹாலோஜன், குண்டு பல்ப் வேண்டவே வேண்டாம். மின்னழுத்தம் 5 சதவீதம் இறங்கினாலே அவற்றின் வெளிச்சம் 15 சதவீதம்போலக் குறையும். தெருவில் யாரோ மோட்டார் போட்டது உங்கள் படத்தில் தெரியும். நல்ல டிரைவர் (கரண்ட்டைச் சீராக்கித் தரும் பாகம்) உள்ள எல்இடி பேனல் போதும். ஷட்டரை அரை வினாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டிரைவர் சரியில்லாத விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகம் 200-இல் ஒரு பங்கு என்றால் துடிப்பின் ஏதோ ஒரு துண்டுதான் மாட்டும். அரை வினாடியில் ஐம்பது துடிப்பும் சேர்ந்து சமமாகிவிடும். இன்னொன்று, படமெடுப்பவர் வெள்ளைச் சட்டை போடக்கூடாது. நீங்கள் முன்னே பின்னே நகர நகர சட்டையில் பட்ட வெளிச்சம் பொம்மை முகத்தில் ஏறி இறங்கும். கறுப்பு டீ-ஷர்ட் இரண்டு எடுத்து வையுங்கள்.

தகரக் கொட்டகையை விட்டுவிடுங்கள். கீழே சிமென்ட் தரை உள்ள, ஜன்னல் சின்னதாக இருக்கும் அறையாகப் பாருங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி இரட்டையாக அடிக்க வேண்டும். டிரைபாடின் மூன்று காலையும் ஹாட் குளூவால் தரையோடு ஒட்டுங்கள், மேஜைக் காலையும்தான். ஷாட் முடியும்வரை மின்விசிறி கூடாது, பொம்மையின் முடியும் துணியும் ஆடும். கேமராவில் டம்மி பேட்டரி (பேட்டரி வடிவில் இருக்கும், வயர் வழியாகக் கரண்ட் தரும் கட்டை) மாட்டி இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். பாதியில் பேட்டரி மாற்றக் கையை வைத்தால் ஃபிரேம் நகர்ந்துவிடும், எடுத்தது அத்தனையும் வீண். சித்திரை வெயிலில் விசிறி இல்லாமல் நிற்பது லேசான காரியமில்லை. இரவு 9 மணிக்கு மேல் வேலையை வைத்துக்கொள்ளுங்கள், களிமண்ணும் சொன்னபடி கேட்கும்.

கை ஒடிந்ததற்குக் காரணம் உள்ளே ஒற்றைக் கம்பி வைத்ததாகத்தான் இருக்கும். 1.5 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியை மூன்று இழையாக எடுத்து, ஒரு முனையை வைஸிலும் (மேஜையில் மாட்டும் இறுக்குப்பிடி) மறுமுனையை டிரில்லிலும் பிடித்து மெதுவாக முறுக்குங்கள். இறுக முறுக்கினால் கம்பி அப்போதே விறைத்துப்போகும். மேல்கை, முன்கை எலும்பு வரும் இடங்களில் எம்-சீல் (இறுகிக் கெட்டியாகும் பசை) பூசி, முழங்கையில் 1 சென்டிமீட்டர் வெறும் கம்பியாக விடுங்கள். இடைவெளி அதைவிடச் சின்னதாக இருந்தால் மடிப்பெல்லாம் ஒரே புள்ளியில் விழுந்து அங்கேயே ஒடியும். எப்படிச் செய்தாலும் மணிக்கட்டு என்றைக்காவது ஒடியத்தான் செய்யும். அதனால் தோளில் சிறு பித்தளைச் சதுரக் குழாய் பதித்து, கையைக் கழற்றி மாட்டும்படி அமையுங்கள். முதல் நாளே மூன்று ஜோடி கை தயாராக இருக்க வேண்டும். பாதத்தில் எம்3 நட்டு (3 மில்லிமீட்டர் திருகுக்கானது) ஒன்றைப் புதைத்து, மேஜைப் பலகையில் துளையிட்டுக் கீழிருந்து திருகினால் பொம்மை ஒற்றைக் காலிலும் நிற்கும்.

தலையை முழுக்கக் களிமண்ணில் செய்யாதீர்கள். கனத்தில் கழுத்து தொங்கும், சூட்டில் முகம் வழியும். உங்கள் நண்பர் கையில் அருமையான வித்தை இருக்கிறது: காகிதக்கூழ். உள்ளே கூடாக, இறகுபோல எடை இல்லாத தலை அதில் கிடைக்கும். அசையும் வாயையும் இமையையும் மட்டும் எண்ணெய்க் களிமண்ணில் செய்து ஒட்டுங்கள். கண்மாய் மண் அசையும் பாகத்துக்கு ஆகாது, காய்ந்து வெடித்துவிடும். செட்டுக்கு, பானைக்கு, திண்ணைக்கு அதைவிட நல்லது இல்லை. கொலு பொம்மைக்குப் போடும் பளபளப்புப் பெயின்ட் விளக்கில் கண்ணைக் குத்தும், மேட் அக்ரிலிக் போடச் சொல்லுங்கள். பொம்மைக்குச் சுங்குடி தாவணி கட்டும் ஆசை வரும். 20 சென்டிமீட்டர் பொம்மைக்கு நிஜச் சுங்குடியின் புள்ளி ஒவ்வொன்றும் தட்டு மாதிரி தெரியும். வெறும் மல் துணியில் பல்குச்சியால் புள்ளி வையுங்கள். நிஜ மல்லிகைச் சரமும் வேண்டாம். சாயங்காலம் மொட்டு அவிழும்; உங்கள் படத்தில் அது இரண்டு வினாடியில் தானாகப் பூத்துச் சிரிக்கும்.

ஜிகர்தண்டாவும் அப்படித்தான். ஐஸ்கிரீம் கரையும், பால் ஆடை கட்டும், பாதாம் பிசின் விளக்கடியில் காய்ந்து சுருங்கும். ஒரே மாதிரி கண்ணாடித் தம்ளர் எட்டு வாங்கி, உட்புறம் அடியிலிருந்து ஒவ்வொன்றிலும் சற்றே கூடுதல் உயரத்துக்குப் பெயின்ட் அடித்து, மாற்றி மாற்றி வைத்து எடுத்தால் தம்ளர் நிறைவது தெரியும். பிசினுக்கு ஹாட் குளூ துளிகள். ஆறியதும் அசல் பிசினேதான். நன்னாரி சர்பத்துக்குச் சிவப்பு செலோஃபேன் தாள். ஐஸ்கிரீம் உருண்டையைக் களிமண்ணில் பிடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் குத்திச் சொரசொரப்பாக்குங்கள்.

இனி 15 நாள் கணக்கு. வினாடிக்கு 24 ஃபிரேம்; ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் வினாடிக்கு 12 படம். 40 வினாடிக்கு 480. புதிதாகத் தொடங்கிய இருவர் நாளுக்கு 60 படம், அதாவது 5 வினாடி எடுத்தாலே பெரிது. முழுநீளப் படம் செய்யும் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஆர்ட்மன் மாதிரி ஸ்டூடியோவிலேயே ஒரு அனிமேட்டருக்கு நாளுக்குச் சில வினாடிதான் தேறும். ஆக ஷூட்டிங்குக்கே 8 நாள். பொம்மை, செட், சோதனை, எடிட்டிங் எல்லாம் சேர்த்தால் நான்கு வாரம். அழகர் ஆற்றில் இறங்கும் தேதியை யாரும் தள்ளிவைக்கப் போவதில்லை, வினாடியைத்தான் குறைக்க வேண்டும். 20 வினாடி என்று பேசுங்கள். அதில் கடைசி 4 வினாடி அசையாத கடைப் பெயர். மிச்சம் 16 வினாடிக்கு 192 படம். அனிமேட்டிக்குக்கு (காட்சிகளை வரைந்து நேரக்கணக்கோடு ஓட்டிப் பார்க்கும் முன்மாதிரி) 2 நாள், இருவரும் பிரித்துக்கொண்டு பொம்மையும் செட்டும் 5 நாள், சோதனை 1, ஷூட்டிங் 4, எடிட்டிங் 2. ஒரு நாளைக் கரண்ட் கட்டுக்கென்று விட்டுவையுங்கள். பொம்மை பேசவேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். வாயசைவு என்றால் தோராயமாகக் குறிலுக்கு ஒரு படம், நெடிலுக்கு இரண்டு என்று வசனத்தை எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டிவரும். அதற்கு இப்போது நேரமில்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னும் பின்னும் பொம்மை இல்லாத வெற்று செட்டை ஒரு படம் எடுத்துவைத்தால் பொம்மையைத் தாங்கிப் பிடிக்க வைக்கும் கம்பியை எடிட்டிங்கில் அழிக்கும் வேலை பாதியாகும்.

பணம்: பாதி முன்பணம், அனிமேட்டிக்கைப் பார்த்து ஒப்புக்கொண்டதும் கால், இறுதி ஃபைல் கொடுக்கும் முன் மீதி. அனிமேட்டிக் ஒப்புதலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் பிறகு "பொம்மை இடது கையால் வாங்கட்டும்" என்றால் அது புது ஷூட்டிங், புதுக் காசு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அது இருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் போட்ட வேலைக்கு அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தந்தாக வேண்டும் என்பது சட்டம். ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை.