வெற்றிடப் பம்பு இல்லாமல் ஏசி குழாய்களை இணைக்கலாமா?

கொழும்பு வெள்ளவத்தை அடுக்குமாடி வீட்டில் ஸ்பிளிட் ஏசி பொருத்த வந்தவர், குழாய்களை இணைத்தபின் சிறிது குளிரூட்டும் வாயுவைத் திறந்துவிட்டு உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றினாலே போதும் என்றது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியன்று.

கொழும்பின் காற்றில் ஈரம் அதிகம்; செப்புக் குழாயின் உட்சுவரில் ஒட்டிய ஈரத்தை அந்த வாயு முழுமையாக அகற்றாது. வெற்றிடப் பம்பினால் அழுத்தத்தை 500 மைக்ரோனுக்குக் கீழே, அதாவது 0.5 மில்லிமீற்றர் பாதரச அளவுக்கும் கீழே, இறக்கும்போது நீர் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகி முழுமையாக வெளியேறும். எஞ்சும் ஈரம் கம்பிரசர் எண்ணெயுடன் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்கி, மோட்டார்ச் சுருளின் காப்பை மெல்லச் சிதைக்கும். தவிர, இன்றைய ஏசிகள் பலவற்றில் உள்ள குளிரூட்டியான ஆர்-32 மிதமாகத் தீப்பற்றக்கூடிய வாயு. அதைப் பல்கனியில் திறந்துவிடும் பழக்கம் எனக்கு உடன்பாடானதன்று.

பம்பை நிறுத்தியபின், வால்வுகளைத் திறக்குமுன், வெற்றிடமானியைப் பத்து நிமிடமாவது கவனிக்கச் சொல்லுங்கள். அளவு சற்று ஏறி நின்றால் ஈரம் மிச்சமிருக்கிறது; நிற்காமல் ஏறினால் கசிவு. கசிவென்றால் முதலில் பிளேயர் முனையை, அதாவது நட்டுக்குள் பொருந்துமாறு புனல்போல் விரித்த குழாய் முனையை, சந்தேகியுங்கள்: வெட்டிய குழாயின் பிசிறை நீக்காமல் விரித்திருப்பார்கள், அல்லது குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டோர்க் ஸ்பானர் இன்றிக் கைவலுவை நம்பி நட்டை இறுக்கியிருப்பார்கள். இறுக்கம் கூடினாலும் செப்பு மெலிந்து விரிசல் விடும்.

பல மாதிரிகளில் குளிரூட்டியின் அழுத்தத்தைக் குறைத்துக் குளிரச் செய்யும் விரிவு வால்வு வெளி அலகிலேயே இருப்பதால், இரு குழாய்களில் மெல்லியதும் குளிர்ந்து வியர்க்கும். அதற்கும் தனியே காப்புறை இடவேண்டும்.