ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் ரோஜா: கவாத்து எப்போது?

கேள்வி: பழைய வகைப் புதர் ரோஜா ஒன்றை நட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டாம் ஆண்டு கோடைத் தொடக்கத்தில் புதர் கொள்ளாமல் பூத்தது. அதன் பிறகு மற்ற ரோஜாக்களோடு சேர்த்து இதையும் குளிர்காலக் கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, உரமும் தாராளமாக வைக்கிறேன். ஆளுயரத்துக்குத் தழைக்கிறது, பூவோ ஒன்று, இரண்டுதான். என்ன குறை?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் செடியில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. பூக்க வேண்டிய கிளைகளை ஆண்டுதோறும் நீங்களே வெட்டி எடுத்துவிடுகிறீர்கள்.

இப்போது பரவலாகக் கிடைக்கும் ஹைப்ரிட் டீ, ஃப்ளோரிபண்டா ரோஜாக்கள் புதுத் தளிரின் நுனியிலேயே பூக்கும். ஒட்ட வெட்டினாலும் துளிர்த்துப் பூத்துவிடும். காலிக்கா, ஆல்பா, சென்டிஃபோலியா போன்ற பழைய வகைகள் அப்படியல்ல. பழையவை மட்டும் என்றும் சொல்ல முடியாது. ஆங்கிலேய ரோஜா வளர்ப்பாளர் டேவிட் ஆஸ்டின் 1961-இல் வெளியிட்ட ‘கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை’யும் ஒருமுறை பூத்து ஓய்கிற ரகம்தான். இவற்றில் போன ஆண்டு வளர்ந்து முற்றிய கிளையின் கணுக்களிலிருந்து வசந்தத்தில் சாண் நீளப் பக்கக் குச்சிகள் கிளம்பும். மொட்டு வருவது அவற்றின் நுனியில். இந்த ஆண்டு அடியிலிருந்து எழும்பும் நீண்ட போத்து அடுத்த ஆண்டுப் பூவுக்கானது.

புதரை விலக்கிப் பார்த்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். புதுப் போத்து பச்சையாகவோ சிவப்போடியோ இருக்கும். முள்கூட இளசாக வளையும். போன ஆண்டுக் கிளை பழுப்பேறி விறைத்திருக்கும். இலை உதிர்ந்த தழும்புக்கு மேலே சின்னதாகக் கணுமொட்டு புடைத்திருக்கும். குளிர்காலக் கடைசியில் உங்கள் கத்தரி வெட்டித் தள்ளுவது பெரும்பாலும் இந்தக் கணுமொட்டுகளைத்தான்.

அப்படியானால் கவாத்தே வேண்டாமா? வேண்டும், ஆனால் பூத்து முடிந்த கையோடு. இதழ் கொட்டிய சில வாரங்களுக்குள் பூத்த பக்கக் குச்சிகளை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள். மிகப் பழைய, பட்டை தடித்த கிளைகளில் சிலவற்றை அடியோடு எடுங்கள். மொத்தக் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். புதுப் போத்துகளைத் தொடவே கூடாது. அவை வளர்ந்து முற்ற மீதிக் கோடை முழுக்க இருக்கிறது. குளிர்காலத்தில் காய்ந்தது, நோய் பிடித்தது, ஒன்றோடொன்று உரசுவது, இவ்வளவுதான் வெட்ட வேண்டியவை. புதிதாக நட்ட செடிக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் இதைத் தவிர வேறு கவாத்தே வேண்டாம்.

நீண்டு வளரும் ரகமாக இருந்தால், வெட்டுவதைவிட வளைப்பது நல்லது. நிமிர்ந்து நிற்கும் கிளையில் நுனிமொட்டு ஆதிக்கம் செலுத்துவதால் கீழ்க் கணுக்கள் தூங்கிக்கிடக்கும். கிளையைப் படுக்கைவாட்டில் வளைத்து முளைக்குச்சியிலோ வேலியிலோ கட்டினால் நீளம் முழுக்கக் கணுக்கள் விழித்துக்கொள்ளும். அவ்வளவும் பூக்குச்சி. கிளை முற்றி விறைப்பதற்குள், கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள்.

அப்புறம், உரம். தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் பெருகும். அந்த மெத்தென்ற தளிருக்கு அசுவினியும் சாம்பல் நோயும் ஓடி வரும். துளிர்விடும் பருவத்தில் மக்கிய தொழுவுரம் ஒருமுறை, பூத்து முடிந்ததும் சமச்சீர் உரம் கொஞ்சம், இது போதும். கோடைக் கடைசிக்குப் பிறகு எதுவும் வைக்காதீர்கள், முற்றாத தளிர் குளிரில் கருகிவிடும். ‘மறுபடி பூக்க வைக்கும்’ என்று விற்கும் உரங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. வசந்தப் பூப்புக்குப் பிறகு பூப்பதை அடக்கி வைப்பது ஒரு மரபணு. தொடர்ந்து பூக்கும் ரோஜாக்களில் அந்த மரபணுவுக்குள் வேறொரு டிஎன்ஏ துண்டு புகுந்து அதை முடக்கியிருக்கிறது என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. உரத்தால் மாற்றக்கூடிய விஷயம் இல்லை இது.

வெயில் நாளுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். ஆல்பா வகைகள் மட்டும் கொஞ்சம் நிழலைப் பொறுத்துக்கொள்ளும். தண்ணீரை இலையில் படாமல் வேரடியில், ஆழமாக விடுங்கள். இலை நெடுநேரம் ஈரமாக இருந்தால் கரும்புள்ளி நோய் பரவும்.

கத்தரியை எடுத்து வைத்த பிறகும் பூக்காவிட்டால் இரண்டு காரணங்களைச் சந்தேகிக்கலாம். ஒன்று, ஒட்டுச்செடியாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே உள்ள வேர்ச்செடி கிளம்பி மேல்ரகத்தை அமுக்கியிருக்கலாம். அந்த ஒன்றிரண்டு பூக்கள் எப்படி இருந்தன? கொத்தாகச் சின்ன வெள்ளை ஒற்றையடுக்குப் பூ என்றால் மல்டிஃப்ளோரா, கருஞ்சிவப்பு என்றால் ‘டாக்டர் ஹ்யூயி’ என்று சந்தேகப்படலாம். இரண்டும் வேர்ச்செடியாகப் பயன்படுபவை. மண்ணை விலக்கி, போத்து கிளம்பும் இடத்திலேயே பிய்த்தெடுங்கள். மேலாக வெட்டினால் இரட்டிப்பாக வரும். சொந்த வேரில் வளரும் காலிக்காவுக்கு இது பொருந்தாது. அதன் பக்கக் கன்று அதே ரகம்தான், பிரித்து நடலாம்.

இரண்டாவது, குளிர். இந்த வகைகள் பூக்க நல்ல குளிர்காலம் தேவை. உங்கள் செடி ஏற்கெனவே ஒருமுறை நிறையப் பூத்திருப்பதால் அந்தக் கவலை இருக்காது. குளிரே வராத இடத்தில் இருப்பவர்கள் இந்த வகையில் இறங்காமல் சைனா, டீ ரோஜாக்களை வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

இந்தக் குளிர்காலம் காய்ந்த குச்சியைத் தவிர வேறு எதையும் வெட்டாதீர்கள். வருகிற வசந்தத்தில் பழுப்புக் கிளைகளின் பக்கக் குச்சிகளில் மொட்டு வரவேண்டும். வாடிய பூக்களில் சிலவற்றைக் கிள்ளாமல் விட்டுப் பாருங்கள்; ரகத்தைப் பொறுத்து இலையுதிர்காலத்தில் சிவப்புக் காய்கள் கிடைக்கலாம்.