அப்ரண்டிஸ் முடித்தால் பர்மனென்ட் ஆகுமா? முதலில் ஒரிஜினலைத் திருப்பி வாங்குங்கள்

கேள்வி: என் மகன் அரசு ஐடிஐயில் ஃபிட்டர் இரண்டு வருடம் படித்துத் தேர்ச்சி பெற்றுவிட்டான். எங்கள் ஊர்க்காரர் ஒருவர், மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் அப்ரண்டிஸ் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஒரு வருடம் முடிந்ததும் அங்கேயே பர்மனென்ட் ஆகிவிடுமாம். மூன்று லட்சம் கேட்கிறார். முன்பணமாக 20,000 கொடுத்துவிட்டோம். பையனுடைய ஒரிஜினல் சான்றிதழ்களும் அவரிடம்தான் இருக்கின்றன. அதுவரை வீட்டில் சும்மா இருக்க வேண்டாம், ஓசூரில் ஒரு தனியார் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். மீதிப் பணத்துக்கு நகையை வைக்கலாமா என்று யோசிக்கிறோம். அவரை நம்பலாமா ஐயா?
ஒரு தாய், அரியலூர் மாவட்டம்

பதில்: நகையை வைக்காதீர்கள் அம்மா. மற்றதை எல்லாம் அப்புறம் படித்துக்கொள்ளலாம். இன்றைக்கே அந்த ஆள் வீட்டுக்குப் போய் சான்றிதழ்களைத் திருப்பி வாங்குங்கள். 20,000 ரூபாயை எப்படியாவது சம்பாதித்துவிடலாம். எஸ்எஸ்எல்சி மார்க் ஷீட் ஒன்று தொலைந்தால், காவல் நிலையத்தில் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று சான்று, தாசில்தார் அலுவலகம், படித்த பள்ளி என்று நீங்கள் நடக்கிற நடையில் ஒரு விண்ணப்ப சீசனே முடிந்துவிடும். அப்ரண்டிஸ் விண்ணப்பத்துக்கு யாரிடமும் ஒரிஜினல் கொடுக்கத் தேவையே இல்லை. ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும். சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் பையனே எடுத்துப் போய்க் காட்டிவிட்டு எடுத்து வர வேண்டும். ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்கிற புரோக்கருக்கு ஒரே நோக்கம்தான்: நீங்கள் நடுவில் விலகிவிடக் கூடாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அப்ரண்டிஸ் என்பது வேலை இல்லை, பயிற்சி. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தில் 18ஆவது பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: அப்ரண்டிஸாக இருப்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. பயிற்சி முடிந்தவரை வேலைக்கு எடுப்பது பற்றி 22ஆவது பிரிவு பேசுகிறது. 2014ல் திருத்திய பிறகு அது சொல்வது, ஒவ்வொரு நிறுவனமும் அதற்கென்று சொந்தமாக ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். 'கொள்கை வகுக்க வேண்டும்' என்பதற்கும் 'வேலை கொடுக்க வேண்டும்' என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். பொதுத்துறை நிறுவனங்களின் அப்ரண்டிஸ் அறிவிப்பைக் கடைசிப் பக்கம் வரை படித்துப் பாருங்கள், வேலைக்கு உத்தரவாதம் இல்லை என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் புரோக்கர் உங்களுக்குப் படித்துக் காட்ட மாட்டார்.

அடுத்து, இந்தத் தேர்வு எப்படி நடக்கிறது? பெரும்பாலும் மதிப்பெண்தான். ரயில்வேயில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஐடிஐ மதிப்பெண்ணையும் சேர்த்துச் சராசரி எடுத்து, மேலிருந்து கீழே பட்டியல் போடுகிறார்கள். எழுத்துத் தேர்வும் கிடையாது, நேர்காணலும் கிடையாது. விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகள், பெண்கள் ஆகியோருக்கு அதுவும் இல்லை. நூறு ரூபாயில் முடிகிற காரியத்துக்கு மூன்று லட்சம் கேட்கிறாரே, அவர் அங்கே செய்யப்போவது என்ன?

ஒன்றும் செய்யமாட்டார். இதை நான் பயிற்சி அலுவலராக இருந்த காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். பத்துப் பையன்களிடம் பணம் வாங்குவார். பத்துப் பேரையும் முறைப்படி விண்ணப்பிக்கச் சொல்வார். அதில் இரண்டு மூன்று பேருக்கு அவரவர் மார்க்கிலேயே இடம் வந்துவிடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். 'பார்த்தீர்களா, நான் சொன்னேனே' என்று அவர்களுடைய பணத்தை எடுத்துக்கொள்வார். மீதி ஏழு பேருக்கு 'அடுத்த பேட்ச்' என்பார். ரொம்பவும் சத்தம் போடுகிறவருக்குப் பாதிப் பணத்தைத் திருப்பித் தருவார், அவரும் 'நல்ல மனுஷன்' என்று ஊரில் சொல்லிக்கொண்டு போவார். உங்கள் மகனுக்கு நல்ல மார்க் இருந்தால் இவர் இல்லாமலே கிடைக்கும். மார்க் இல்லையென்றால் இவர் இருந்தும் கிடைக்காது.

இதைவிட மோசமான வகையும் இருக்கிறது. 2022ல் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேரை டெல்லிக்கு அழைத்துப் போய், புதுடெல்லி ரயில் நிலையத்தில் ஒரு மாதம் நிறுத்திவைத்தார்கள். தினமும் எட்டு மணி நேரம் வருகிற ரயில், போகிற ரயில், அதில் எத்தனை பெட்டி என்று எண்ண வேண்டும். டிக்கெட் பரிசோதகர், கிளார்க் வேலைக்கு இதுதான் பயிற்சி என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொருவரும் 2 லட்சத்திலிருந்து 24 லட்சம் வரை கொடுத்திருந்தார்கள். மொத்தம் இரண்டரைக் கோடிக்கு மேல். படித்த பிள்ளைகள்தான். 'டிரெயினிங்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் அவ்வளவு மரியாதை. யாராவது ஒரு அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டால் பெட்டியைக்கூட எண்ணிக்கொண்டு நிற்கிறோம்.

உங்கள் ஊர்க்காரர் ஒரு ஜெராக்ஸ் தாளையும் காட்டியிருப்பார், அல்லது இனிமேல் காட்டுவார். 'சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு' என்பார். அப்படி ஒரு தீர்ப்பு இருப்பது உண்மைதான். 1995ல் உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் வந்தது. மற்றெல்லாம் சமமாக இருக்கும்போது, அந்த நிறுவனத்தில் பயிற்சி முடித்தவருக்கு வெளியாளைவிட முன்னுரிமை தர வேண்டும் என்றது. வேலைவாய்ப்பு அலுவலகப் பரிந்துரை அவருக்குத் தேவையில்லை என்றும் சொன்னது. இரண்டு பேர் சமமாக வந்து நிற்கும்போதுதான் இது உதவும். அந்த இடத்துக்கு வந்து நிற்பதற்கு அறிவிப்பு வரவேண்டும், விண்ணப்பிக்கவேண்டும், தேர்வு எழுதவேண்டும். நேராக உள்ளே விடுகிற தீர்ப்பு இல்லை.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். ரயில்வேயில் லெவல் 1 பணியிடங்களில், அதாவது பழைய குரூப் டி வேலைகளில், 20 சதவீதத்தை அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கென்று ஒதுக்குகிறார்கள். இதைக் கேட்டதும் 'அப்ரண்டிஸ் போனால் ரயில்வே வேலை' என்று கிளம்பிவிடுகிறார்கள். அப்படி இல்லை. அப்ரண்டிஸை ரயில்வேயிலேயே செய்திருக்க வேண்டும்: பெரம்பூர் ஐசிஎஃப், பொன்மலைப் பணிமனை மாதிரியான இடங்களில். பெல்லிலோ (பிஎச்இஎல்), என்எல்சியிலோ, ஓசூர்க் கம்பெனியிலோ செய்தால் இந்த 20 சதவீதத்துக்குள் வர முடியாது. பயிற்சி முடிவில் தேர்வு எழுதி, தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் (என்ஏசி) கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ரயில்வே தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிடும்போது மற்றவர்களைப் போலவே விண்ணப்பித்து, கணினித் தேர்வு எழுதி, அதில் தகுதி மதிப்பெண் எடுக்க வேண்டும். அந்த 20 சதவீதத்துக்குள்ளும் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு இடையிலேயே போட்டி இருக்கிறது. அறிவிப்பு எப்போது வரும் என்பது வாரியத்துக்கே வெளிச்சம். உங்கள் மகன் ரயில்வேயைக் குறிவைக்கிறான் என்றால் ரயில்வேயின் அப்ரண்டிஸ் அறிவிப்புக்குக் காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. ரயில்வேயைத் தவிர வேறு எந்த இடத்தைக் காட்டி 'கோட்டா இருக்கு' என்று சொன்னாலும், எந்த அறிவிப்பில், எந்தப் பத்தியில் இருக்கிறது என்று கேளுங்கள்.

ஓசூர் விஷயம். இது உங்களுக்குச் சின்னதாகத் தெரியும், எனக்கு இதுதான் பெரிய பயம். 'டிரெய்னி' என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, அரசு இணையதளத்தில் பையன் பெயரில் அப்ரண்டிஸ் ஒப்பந்தமாகப் பதிவு செய்கிற கம்பெனிகள் உண்டு. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் குறிப்பிட்ட சதவீதம் அப்ரண்டிஸ் வைத்தே ஆக வேண்டும், அப்ரண்டிஸுக்குத் தருகிற மாத உதவித்தொகையில் ஒரு பங்கை அரசும் தருகிறது. கணக்குக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். பையன் அங்கே ஃபிட்டர் வேலை பழகுகிறானா, லாரியில் பெட்டி ஏற்றுகிறானா என்று போய்ப் பார்க்கிறவர்கள் குறைவு. ஆனால் ஏற்கெனவே ஒரு அப்ரண்டிஸ் முடித்தவரும், இப்போது வேறு இடத்தில் அப்ரண்டிஸாக இருப்பவரும் விண்ணப்பிக்க முடியாது என்று பொதுத்துறை அறிவிப்புகளில் இருக்கும். வாழ்க்கையில் ஒரே ஒரு டிக்கெட் அது. அதை ஓசூரில் பெட்டி ஏற்றிக் கிழித்துவிடக் கூடாது. ஓசூரில் வேலைக்குப் போகலாம், தப்பே இல்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் 'இது அப்ரண்டிஸ் ஒப்பந்தமா' என்று கேட்டு, தாளைப் படித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். பதிவு செய்யும்போது மொபைல் எண் உங்கள் மகனுடையதாக இருக்க வேண்டும். பிரவுசிங் சென்டர்காரர் எண்ணையோ புரோக்கர் எண்ணையோ கொடுத்தால் ஓடிபி அவர்களுக்குப் போகும், அப்புறம் அந்தக் கணக்கு அவர்களுடையது.

அப்படியென்றால் அப்ரண்டிஸே வீணா என்று கேட்காதீர்கள். வீண் இல்லை. ஐடிஐ முடித்தவருக்கு 2019 திருத்தத்தின்படி மாதம் குறைந்தது 7,000 ரூபாய்தான். பனியன் கம்பெனியில் இதைவிட அதிகம் தருவார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் நல்ல தொழிற்சாலையில் ஒரு வருடம் பழகி, அந்த என்ஏசி சான்றிதழை வாங்கினால் சில கதவுகள் அதற்குத்தான் திறக்கும். 2025ல் பெல் நிறுவனம் ஆர்ட்டிசன் (திறன் தொழிலாளர்) வேலைக்கு 515 பேரை எடுக்க அறிவித்தபோது, பத்தாம் வகுப்பு, ஐடிஐ சான்றிதழ், என்ஏசி மூன்றும் கேட்டது. ஐடிஐயிலும் என்ஏசியிலும் 60 சதவீதம் வேண்டும், எஸ்சி, எஸ்டிக்கு 55. என்ஏசி இல்லாத பையன் எவ்வளவு கைத்திறமை உள்ளவனாக இருந்தாலும் அங்கே விண்ணப்பிக்கக்கூட முடியவில்லை. அதனால் பயிற்சி முடிவில் வரும் தேர்வைச் 'சும்மா பாஸ் ஆனால் போதும்' என்று எழுதக் கூடாது.

மாநில அரசு வேலைக்கு டிஎன்பிஎஸ்சியை அவன் தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும். 2024லிருந்து டிப்ளமோ, ஐடிஐ நிலைப் பணிகளுக்கென்று ஒருங்கிணைந்த தொழில்நுட்பத் தேர்வை வைக்கிறார்கள். தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள், அதை மறக்க வேண்டாம். இதிலும் பொறுமை வேண்டும். மின்வாரியம் 2020ல் கள உதவியாளர் 2,900 பேர் என்று அறிவித்தது. எலக்ட்ரீஷியன், வயர்மேன் படித்த பிள்ளைகள் பணம் கட்டிக் காத்திருந்தார்கள். 2022ல் அறிவிப்பையே ரத்து செய்தார்கள். டிஎன்பிஎஸ்சி வழியாக அதே வேலைக்கு 1,794 இடம் என்று மறுபடி அறிவிப்பு வந்தது 2025ல். நடுவில் போன ஐந்து வருடத்தில் எத்தனை பேருக்கு வயது தாண்டியிருக்கும்? புரோக்கரைத் திட்டுகிறோம், சரிதான்; இப்படிக் காலியாக விட்ட இடத்தில்தானே அவர் நாற்காலி போட்டு உட்காருகிறார்.

இன்னொன்று, பெயர். எஸ்எஸ்எல்சி, ஆதார், ஐடிஐ சான்றிதழ் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து பாருங்கள். என் மாணவன் ஒருவனுக்கு ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருந்தது, ஐடிஐ சான்றிதழில் இனிஷியல் மட்டும், அதுவும் பெயருக்குப் பின்னால். அதைத் திருத்த நானே கடிதம் எழுதி, போன் போட்டு, நேரில் போய் நின்று எட்டு மாதம் ஆனது. ஒவ்வொரு மேசையிலும் 'இது எங்க வேலை இல்லை சார்' என்ற பதில்தான். வடநாட்டில் இனிஷியல் என்றால் என்னவென்றே தெரியாது, அவர்கள் வடிவமைத்த இணையதளத்தில் நம் பிள்ளைகள் பெயர் சிக்கிக்கொண்டு தவிக்கிறது. உங்கள் மகனுக்கு வித்தியாசம் இருந்தால், ஆதாரை எஸ்எஸ்எல்சிக்கு ஏற்ப முதலில் மாற்றுங்கள். அதுதான் இருப்பதிலேயே சீக்கிரம் முடிகிற வேலை.

அந்த 20,000. தனியாகப் போய்க் கேட்க வேண்டாம், ஊரில் நாலு பேர் மதிக்கிற ஒருவரைக் கூட்டிப் போங்கள். ரொக்கமாகக் கொடுத்தீர்களா, ஜிபே செய்தீர்களா? ஜிபே என்றால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடாதீர்கள். அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இருந்தால் அதையும் வேறு போனுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். தர முடியாது என்றால் மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள், வேலை மோசடிப் புகார்களை அங்கே விசாரிக்கிறார்கள். 'ஊர்க்காரர் ஆச்சே' என்று தயங்கினால் அடுத்து மூன்று லட்சத்துக்கும் அதே தயக்கம்தான் வரும். சான்றிதழைக் கூரியரில் அனுப்புகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நேரில் வாங்கி, எண்ணிப் பார்த்து, டிசி இருக்கிறதா என்று தனியாக ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.