நலம் கேள்வி–பதில்: ஓ.பி. (வெளிநோயாளிப் பிரிவு) போதுமா, வார்டில் சேர்க்க வேண்டுமா?

உணவுக் கோளாறு (சாப்பாட்டை ஒதுக்குவது, கட்டுமீறிச் சாப்பிட்டு வாந்தி எடுப்பது போன்ற மனநோய்), மனச்சோர்வு பற்றிச் செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த கடிதங்களுக்கு எங்கள் மருத்துவக் குழு இந்த இதழில் பதில் தருகிறது. கடிதங்களில் இருந்த எடைக் கணக்குகளை எடுத்துவிட்டோம். இதே நோயோடு போராடும் இன்னொரு பெண் கண்ணில் பட்டால், அதைப் போட்டியாக எடுத்துக்கொள்வாள்.

கேள்வி: மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். ஆறு மாதமாகச் சாப்பாடு குறைந்துகொண்டே போகிறது. கேட்டால் வயிறு உப்புசம் என்கிறாள். சஷ்டி, கார்த்திகை, வெள்ளி என்று விரதம் வேறு. மூன்று மாதமாக மாதவிலக்கு இல்லை. எழுந்தால் கிறுகிறுப்பு, தனியாக உட்கார்ந்து அழுகிறாள். ரத்தப் பரிசோதனை நார்மல். அப்பத்தா திருஷ்டி என்கிறார், டாக்டர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார். எங்கே தொடங்குவது? — ஒரு தாய், தேவகோட்டை

பதில்: திருஷ்டி கழிப்பதானால் கழித்துக்கொள்ளுங்கள், அன்றைக்கே நாடியையும் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம் படுக்க வைத்து நாடி, பி.பி. எடுக்க வேண்டும். பிறகு நிற்க வைத்து, இரண்டு நிமிடம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். பெரும்பாலும் உட்கார வைத்து ஒரு தடவை எடுப்பதோடு சரி. நீங்கள்தான் கேட்டு எடுக்க வைக்க வேண்டும். விழித்திருக்கும்போது நாடி 50-க்குக் கீழே இருக்கிறது, நின்றதும் பி.பி.யின் மேல் எண் 20-க்கு மேல் இறங்குகிறது, உடல் வெப்பம் 96 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடவில்லை, மயங்கி விழுகிறாள், சாப்பாட்டை அடியோடு மறுக்கிறாள் — இவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஓ.பி.யில் பார்க்கிற கட்டம் அல்ல. அன்றைக்கே வார்டில் சேர்க்க வேண்டும். பொது மருத்துவமும் மனநலமும் ஒரே இடத்தில் இருக்கிற சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடமாகப் பாருங்கள். மனநலம் மட்டும் பார்க்கிற சின்ன இடத்தில், ராத்திரி இதயத் துடிப்பு தடுமாறினால் கவனிக்க ஆள் இருக்காது.

ரத்தம் நார்மல் என்பதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பட்டினி கிடக்கும் உடம்பு வெகுநாள் வரை ரத்த அளவுகளைச் சமாளித்துக் காட்டும். ஈ.சி.ஜி., பொட்டாசியம், மக்னீசியம், சர்க்கரை, பாஸ்பரஸ் எல்லாம் வேண்டும். கடைசியாகச் சொன்ன பாஸ்பரஸ் பல லேப் பேக்கேஜ்களில் இருக்காது; தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

அது எதற்கு என்றால், ஆபத்து பட்டினியோடு முடிவதில்லை. நாள்கணக்கில் வயிறு காய்ந்தவருக்குத் திடீரென்று வயிறாரப் போட்டால், உடம்பு மாவுச்சத்தைச் செரிக்கும் வேகத்தில் ரத்தத்திலிருக்கும் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரசரவென்று செல்களுக்குள் போய்விடும். கால் வீங்கும், மூச்சு வாங்கும், இதயம் தடம் மாறும். முதல் வாரத்தில்தான் இது அதிகம். அதனால்தான் வார்டில் முதலில் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்துவிட்டு, உணவைப் படிப்படியாகக் கூட்டி, தினமும் ரத்தம் எடுக்கிறார்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர்களின் டிபன் கேரியரை அந்த வாரம் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

நாடியும் பி.பி.யும் ஈ.சி.ஜி.யும் சரியாக இருந்தால் ஓ.பி.யில் தொடங்கலாம்: வாரம் ஒரு முறை மனநல மருத்துவர், எடை, நாடி, கூடவே டயட்டீஷியன். மேலை நாடுகளில் ஓ.பி.க்கும் வார்டுக்கும் நடுவே பகல்நேரச் சிகிச்சை, தங்கிப் பெறும் சிகிச்சை என்று இன்னும் சில படிகள் உண்டு. உணவுக் கோளாறுக்கென்றே அப்படி நடத்துகிற இடங்கள் நம் பக்கம் மிக அரிது. அந்த நடுப்படியை வீடுதான் ஏற்க வேண்டியிருக்கிறது. எப்படி என்று மூன்றாவது பதிலில் சொல்கிறோம்.

அழுகையைப் பொறுத்தவரை, முதலில் மனச்சோர்வைச் சரிசெய்வோம், சாப்பாடு தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். 1944–45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான ஆண்களுக்கு ஆறு மாதம் உணவைக் குறைத்துப் பார்த்தார்கள். பலர் சோர்ந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், சமையல் புத்தகம் சேர்த்தார்கள். பட்டினியே மனதை அப்படி ஆக்கும். வீட்டுக்கெல்லாம் கந்தரப்பம் சுட்டுக் கொடுத்துவிட்டுத் தான் ஒன்றைக்கூடத் தொடாத பெண்ணை, சமையலில் ஆர்வம் வந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. எடை மிகக் குறைந்த நிலையில் மனச்சோர்வு மாத்திரைகளும் சரியாக வேலை செய்வதில்லை. ஆனால் சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. தனியே விடாமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். 14416 டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அரசு நடத்துவது, கட்டணமில்லை.

கேள்வி: தங்கைக்கு 20 வயது. ராத்திரியில் கட்டுமீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கிறாள். எடை சரியாகத்தான் இருக்கிறது. ஃப்ளூக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரை 20 மி.கி. கொடுத்திருக்கிறார்கள். பத்து நாளாகியும் பலன் இல்லை. நிறுத்திவிடலாமா? — காரைக்குடி வாசகி

பதில்: வேண்டாம். 20 மி.கி. என்பது தொடக்கம். புலிமியா எனப்படும் இந்த நோய்க்கு ஆய்வுகளில் பலன் தெரிந்த அளவு நாளுக்கு 60 மி.கி.; மருத்துவர் படிப்படியாக ஏற்றுவார், நீங்களாக ஏற்றக் கூடாது. மனச்சோர்வில் மாற்றம் தெரியவே சில வாரம் ஆகும். 25 வயதுக்குள் இருப்பதால், முதல் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் படபடப்பு, தூக்கமின்மை, தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று கூடவே இருந்து கவனியுங்கள். மாத்திரை மட்டும் போதாது. 20 அமர்வு அளவில் நடக்கும் சிந்தனை–நடத்தைச் சிகிச்சைதான் முதன்மை. வேறு மருத்துவரிடம் போனால் வாந்தி எடுப்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். புப்ரோப்பியான் என்ற மனச்சோர்வு மாத்திரை இவர்களுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடும்.

எடை சரியாக இருப்பது ஆறுதலே இல்லை. வாந்தியில் பொட்டாசியம் இறங்கும், 3.5-க்குக் கீழே போனால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். இளநீர் கொடுத்துச் சமாளிக்கிற விஷயமல்ல. நெஞ்சு படபடப்பு, தசை தளர்ச்சி, வாந்தியில் ரத்தம் என்றால் அன்றைக்கே மருத்துவமனை. வாந்தி எடுத்ததும் பல் துலக்க வேண்டாம். அமிலத்தில் ஊறிய பல் தேய்ந்துவிடும். வெறும் தண்ணீரில் கொப்பளித்தால் போதும்.

கேள்வி: மூன்று வாரம் வார்டில் இருந்துவிட்டு மகள் (19) வீட்டுக்கு வந்துவிட்டாள். இனி வாரம் ஒரு முறை வந்தால் போதும் என்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை வேண்டியிருக்கிறாள். அனுப்பலாமா? — ஒரு தந்தை, கானாடுகாத்தான்

பதில்: இந்த வருடம் அனுப்பாதீர்கள். நாள்கணக்கில் நடையும் அரைவயிற்றுச் சாப்பாடும் இந்த நோய் விரும்புகிற இரண்டு விஷயங்கள். வேண்டுதலை வீட்டில் வேறொருவர் நடந்து நிறைவேற்றட்டும். அவள் காரில் போய்ச் சாமி கும்பிட்டு வரட்டும். மருத்துவர் எழுத்தில் அனுமதிக்கும் வரை மாடிப்படி ஏறி இறங்கும் ‘உடற்பயிற்சி’யும் வேண்டாம்.

வார்டில் நர்ஸ் பக்கத்தில் நின்று சாப்பிட வைத்தார். வீட்டில் அந்த இடம் காலியாக இருந்தால், வாரம் ஒரு ஓ.பி. தாங்காது, பலருக்கு நோய் திரும்புவது டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய வாரங்களில்தான். மூன்று வேளைச் சாப்பாடு, இடையே மூன்று சிற்றுணவு, மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. என்ன, எவ்வளவு என்பதை நீங்களும் அவள் அம்மாவும் முடிவு செய்து, ஒருவரே பரிமாறுங்கள். இலை முன்னால் பேரம் பேசாதீர்கள். இடியப்பம் என்றால் தேங்காய்ப் பாலோடு, பணியாரம் என்றால் எண்ணெயைக் குறைக்காமல். மாலையில் கும்மாயம் நல்லது: பருப்பு, கருப்பட்டி, நெய் எல்லாம் சின்னக் கிண்ணத்தில் அடங்கிவிடும். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் வளவில் (வீட்டு முற்றத்தில்) கூடவே உட்கார்ந்து தாயம் ஆடுங்கள், பாத்ரூம் போக விடாமல். ‘இப்பத்தான் முகம் தெளிஞ்சிருக்கு’ என்று ஆயா (பாட்டி) சொன்னாலும், அவள் காதில் ‘குண்டாகிவிட்டாய்’ என்றுதான் விழும். உடம்பைப் பற்றிய பேச்சே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். எடையை ஓ.பி.யில் மட்டும், சிறுநீர் கழித்த பின், மெல்லிய உடையில் பாருங்கள். வீட்டு மெஷினைப் பரணில் ஏற்றிவிடுங்கள். எந்த எடைக்குக் கீழே போனால், எத்தனை வேளை மறுத்தால் மறுபடி வார்டு என்பதை, அவள் தெளிவாக இருக்கும்போதே மருத்துவர் முன்னால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மனநல வார்டில் சேர்த்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா? நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வெளியே தெரியுமா? — பள்ளத்தூர் வாசகர்

பதில்: 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், மற்ற நோய்களைப் போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்கிறது; காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைப்பதும் அதே சட்டப்படி மருத்துவமனையின் கடமை. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்த பிறகே சேர்ப்பார்கள். பெண் குழந்தையோடு அப்பா மட்டும் வந்திருந்தால், கூடத் தங்க ஒரு பெண் துணை கட்டாயம் வேண்டும். அத்தையையோ சித்தியையோ முதல் நாளே அழைத்துப் போய்விடுங்கள்.