கேள்வி–பதில்: பெட்டியப் பாத்து பிஸ்டன் வாங்கலாமா?

இந்தமுற வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே கேள்விதான், பழைய மோட்டார் சைக்கிளுக்கு மலிஞ்ச சாமான் போடலாமா கூடாதா எண்டு. 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினவங்க 2025லதான் திரும்பத் திறந்தாங்க, அதுக்குள்ள வீட்டுப் பின்னுக்கு கோழி அடையக் கிடந்த ஹொண்டா சீ70, சீ90 எல்லாம் தூசி தட்டுப்பட்டு றோட்டுக்கு வந்திட்டு, வந்ததுக்கெல்லாம் சாமான் வேணும்தானே. நாலு பேருக்கு எழுதிறன்.

ஆரையம்பதியில இருந்து ஒரு வாசகர்: அண்ண, என்ட ஹொண்டா சீ90க்கு 0.50 ஓவர்சைஸ் (அரை மில்லிமீட்டர் பெரிய) பிஸ்டன் செட் மலிவா வாங்கி, லேத்தில குடுத்து ரீபோர் அடிச்சு, அதான் சிலிண்டர் ஓட்டையப் பெருசாக் கடைஞ்சு, போட்டன். ரெண்டாம் நாள் யூரியா மூட்டை ஒண்டும் ஏத்திக்கொண்டு கொக்கட்டிச்சோலைக்குப் போகக்குள்ள மண்முனைப் பாலம் தாண்டி இறுகி நிண்டுட்டு. கழட்டிப் பாத்தா பிஸ்டன்ல நாலு மூலையிலயும் கோடு விழுந்து கிடக்கு. சாமான் கடைக்காரர் லேத்தில பிழை எண்டுறார், லேத்துக்காரர் கொப்பி பிஸ்டன் எண்டுறார். ஆர்ல பிழை?

பதில்: தம்பி, நாலு மூலை எண்டு எழுதினீங்க பாருங்க, அதிலயே பாதிப் பதில் இருக்கு. ஒயில் இல்லாம இறுகினா பிஸ்டன்ட முகம் அகலமா உரஞ்சு கிடக்கும். பிஸ்டனுக்குக் குறுக்க போற பின் (கனெக்டிங் றொட்டோட கோக்கிற ஊசி), அந்த ஓட்டைக்கு அங்கால இங்கால நாலு இடத்தில மட்டும் கோடு எண்டா பிஸ்டன் சூட்டில விரிஞ்சிருக்கு, விரிய இடம் காணல்ல.

ஏன் காணல்ல? பிஸ்டன் உருண்ட எண்டுதான் எல்லாரும் நினைக்கிற, உண்மையில அது முட்டை மாதிரி, பின் போற பக்கம் கொஞ்சம் ஒடுக்கம், அதுக்குக் குறுக்க கொஞ்சம் அகலம், மேல ஒடுக்கம், கீழ பாவாடைப் பக்கம் அகலம். சூடேறக்குள்ள பின் போற பக்கம் இறைச்சி, அதான் உலோகம், கூட இருக்கிறதால அந்தப் பக்கம் கூட விரிஞ்சு அப்பதான் வட்டத்துக்கு வரும். நல்ல கம்பனிக்காரன் இத அளந்து கடையிறான். மலிஞ்சதில சிலத வேர்னியர் வச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் ஒரே அளவு காட்டும், அப்பிடிக் காட்டினா அங்கேயே திருப்பிக் குடுத்திருங்க. இதுக்கு மேல அலுமினியத்தில சிலிக்கன் குறைவா வார்த்திருந்தா அதே சூட்டுக்கு அது கூட விரியும், அது கண்ணுக்குத் தெரியாது, வேர்னியருக்கும் தெரியாது.

அதுக்காக லேத்துக்காரர விட்டிரவும் ஏலாது. பெட்டியில 47.50 எண்டு போட்டிருந்தா பிஸ்டன் 47.50 இல்ல, அது போருக்கு, அதான் சிலிண்டர் ஓட்டைக்கு, உள்ள பேர். அவர் பிஸ்டன கையில எடுத்து பின்னுக்குக் குறுக்க, பாவாடைட அடியில இருந்து கொஞ்சம் மேல மைக்ரோமீட்டர் பிடிச்சு அளந்து, அந்த அளவோட இடைவெளியக் கூட்டித்தான் போர் அடிக்கணும். நான் மலிஞ்ச பிஸ்டன் எண்டா 0.04, 0.05 மில்லிமீட்டர் விடச் சொல்லுறன், ஒரிஜினலுக்கு விடுறத விடக் கூடத்தான், குளிரில ஸ்டாட் பண்ணக்குள்ள கொஞ்சம் தட்டும், தட்டட்டுமே, இறுகிறத விட நல்லம். நீங்க பிஸ்டன வீட்ட வச்சிட்டு பிளொக்க மட்டும் குடுத்து 0.50 அடிச்சுத் தாங்க எண்டு சொல்லியிருந்தா (நிறையப் பேர் அப்பிடித்தான் செய்யிற) லேத்துக்காரர்ல பிழை சொல்லாதீங்க. கோவிக்காதீங்க தம்பி, புதுப் பிஸ்டன் போட்டு ரெண்டாம் நாள் யூரியா மூட்டை ஏத்தினது நீங்கதானே.

அடுத்தமுற போட முந்தி பிஸ்டனச் சுத்திப் போடுற றிங்கப் பாருங்க. றிங்க மட்டும் போருக்குள்ள வச்சு பிஸ்டன்ட மண்டையால நேராத் தள்ளி விட்டு, வாய் சேர்ற இடத்தில ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க. 0.15க்கும் 0.35 மில்லிமீட்டருக்கும் இடையில இருந்தா சரி. குறைய எண்டா சூட்டில ரெண்டு வாயும் முட்டி போரக் கிழிச்சிரும், ஆனா அத அரத்தால மெல்ல எடுத்துச் சரிக்கட்டலாம். கூட எண்டா ஒண்டும் செய்ய ஏலாது, புகை தள்ளும். றிங்ல சின்ன எழுத்தொண்டு அடிச்சிருக்கும், அது மேல பாக்கணும். பின் சுருக்குக் கம்பி, அதான் சேர்க்ளிப், பழசத் திருப்பிப் போடாதீங்க, மலிஞ்ச செட்டோட வந்தது விரலால அமத்தினா அப்பிடியே நசுங்கிக் கிடந்தா அதையும் போடாதீங்க, தனியா நல்லது வாங்குங்க.

இன்னொண்டு. சீ90ல ரெண்டு சாதி இருக்கு, பழசு 50 மில்லிமீட்டர் போர், பிறகு வந்தது 47. சீ70உம் 47தான். அளவு ஒண்டு எண்டதுக்காக சீ70 பிஸ்டன சீ90க்குத் தள்ளி விடுறாக்களும் இருக்காங்க, ஸ்ட்ரோக், அதான் பிஸ்டன் மேல கீழ போற தூரம், ரெண்டுக்கும் வேற, 41.4உம் 49.5உம். கடைக்குப் போகக்குள்ள பழைய பிஸ்டனையும் பையில போட்டுக்கொண்டு போங்க, பக்கத்தில வச்சு பின் ஓட்டையில இருந்து மண்டை வரைக்கும் உள்ள உயரத்த ஒப்பிட்டுப் பாருங்க.

அக்கரைப்பற்றில இருந்து ஒரு வாசகர்: காக்கா, சீஜி125க்கு எக்ஸோஸ்ட் (புகை வெளியேறுற) வால்வ் ஒரு கடையில சொன்ன விலைக்கு மற்றக் கடையில மூணு வாங்கலாம். பாக்க ரெண்டும் ஒண்டுதான். எப்பிடிக் கண்டுபிடிக்கிற?

பதில்: தம்பி, சீஜி125 ஹொண்டா 1976ல விட்ட சைக்கிள், தள்ளுகம்பி எஞ்சின், சீனாவில அதக் கொப்பி அடிக்காத ஃபக்டரி இல்ல எண்டு சொல்லலாம். அதால சாமானுக்குப் பஞ்சமில்ல, நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரிப் பெட்டியில வரும்.

ஒரு காந்தத்துண்டு கொண்டு போங்க, உடைஞ்ச ஸ்பீக்கர்ல கழட்டினாலும் போதும். எக்ஸோஸ்ட் வால்வ்ட தலை சூடு தாங்கிற ஸ்டீல்ல செய்யிறது, அந்தச் சாதி ஸ்டீல் காந்தத்தில ஒட்டாது, ஒட்டினாலும் ஒட்டுற மாதிரி ஒட்டாது. சிலதில தண்டு மட்டும் ஒட்டும், தலையையும் தண்டையும் வேற வேற இரும்பில செய்து ஒட்டவச்சிருப்பாங்க, அது பிழையில்ல. தலையே டப்பெண்டு காந்தத்தில பாய்ஞ்சு ஒட்டினா நான் எக்ஸோஸ்டுக்குப் போடமாட்டன். ஒட்டாட்டி நல்ல வால்வ் எண்டு முடிவெடுக்கவும் வேணாம், ஒட்டினா சந்தேகப்படுங்க, அவ்வளவுதான். தண்டுட நுனிய சின்ன அரத்தால ஒருக்கா உரசிப் பாருங்க, வழுக்கணும். அரம் கடிச்சா நுனிக்குப் பதம் வைக்கல்ல, கொஞ்ச நாளில குழி விழுந்து டிக்கு டிக்கெண்டு சத்தம் வரும்.

நான் இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுகொண்டதில்ல. ஒருக்கா அவசரத்துக்கு எங்கயோ ஒரு கடையில எடுத்த வால்வ என்ட சைக்கிளுக்கே போட்டன், அம்பாறைக்குப் போற வழியில வால்வ்ட தலை கழண்டு உள்ள விழுந்து, பிஸ்டன் மண்டையில ஓட்டை, ஹெட்டும் போயிட்டு. சம்மாந்துறை வெட்டைக்குள்ள மத்தியான வெயிலில தள்ளிக்கொண்டு வந்த தூரம் இப்பவும் ஞாபகம். மிச்சம் பிடிச்சது ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு.

வால்வ் போட்டு கிறைண்ட் பண்ணி முடிய, ஹெட்டக் கவுத்து போர்ட்டுக்குள்ள (புகை போற வழிக்குள்ள) மண்ணெண்ணெய் ஊத்தி ஒரு பத்து நிமிசம் வைங்க. கசிஞ்சா இன்னும் வேலை இருக்கு.

வாழைச்சேனையில இருந்து ஒரு வாசகர்: பெரிய கம்பனி பெயரிங் பாதி விலைக்குக் கிடைக்குது, பெட்டியும் அதே பெட்டிதான். வாங்கலாமா?

பதில்: வாங்காதீங்க. பாதி விலைக்கு விக்கிற அளவுக்கு அந்தக் கம்பனிக்கு என்ன கஷ்டம்? பெயரிங்க சைக்கிள் சாமானா நினைச்சு சைக்கிள் கடையில தேடவும் தேவையில்ல, அதுக்கு நம்பர் இருக்கு. 6203 எண்டா உள் 17, வெளி 40, அகலம் 12 மில்லிமீட்டர், அது ஹொண்டாவுக்கும் அதேதான், தண்ணி மோட்டருக்கும் அதேதான். பழசில நம்பரப் பாத்து எழுதிக்கொண்டு போய் பெயரிங் மட்டும் விக்கிற கடையில, பேர் கேள்விப்படாத கம்பனியா இருந்தாலும் அவங்கட சொந்தப் பேரிலயே விக்கிறத வாங்குங்க, பெரிய கம்பனிட பேரக் களவெடுத்து வாறத விட அது எவ்வளவோ மேல். கிராங்குக்கு எண்டா பழசில நம்பருக்குப் பின்னால சி3 (உள்ள இடைவெளி கொஞ்சம் கூட எண்டு அர்த்தம்) எண்டு அடிச்சிருக்கா பாருங்க, இருந்தா புதுசிலயும் இருக்கணும்.

களுவாஞ்சிக்குடியில இருந்து ஒரு ஆசிரியை: அப்பாட சீடி125 பென்லிய விக்க மனமில்லாம நானே ஓடுறன். எல்லாம் ஒரிஜினல் போட எனக்குக் கட்டுப்படியாகாது. எதில மிச்சம் பிடிக்கலாம்? இப்ப பொயின்ட்ஸ் (பிளக்குக்குப் பொறி வர கறண்ட வெட்டி விடுற சாமான்) மாத்தி ஒரு மாசத்துக்குள்ள திரும்ப ஸ்டாட் பிரச்சின.

பதில்: டீச்சர், கால்மிதி றப்பர், கண்ணாடி, சிக்னல் லென்ஸ், கைபிடி, இதெல்லாம் மலிஞ்சதே போடுங்க, பிஞ்சா இன்னொண்டு வாங்கலாம், நடுறோட்டில விட்டிட்டுப் போகாது. எஞ்சினுக்குள்ள போறதில காசு பாக்காதீங்க, முக்கியமா கேம் செயின். கார்புரேட்டர் மிதவை ஊசி சின்னச் சாமான்தான், மலிஞ்சதில நுனி றப்பர் பெற்றோல்ல ஊதி ஒண்டில் வழியும் ஒண்டில் வராது.

உங்கட பிரச்சின பொயின்ட்ஸ்ட குதிக்காலில. கேம்ல, அதான் சுத்தி சுத்திப் பொயின்ட்ஸத் திறக்கிற மேட்டில, உரசிக்கொண்டு இருக்கிற அந்த ஃபைபர்த் துண்டு மலிஞ்சதில சோப்பு மாதிரித் தேயும், தேயத் தேய வாய் சுருங்கும், டைமிங், அதான் பொறி விழுற நேரம், பிந்தும், சூடேறும், உதைச்சாப் பிடிக்காது. ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க, 0.3க்கும் 0.4க்கும் இடையில இருக்கணும். உங்களுக்கு இப்ப 0.2உம் இராது எண்டு நினைக்கிறன். திரும்பச் சரிக்கட்டி, கேம்ல அரிசி மணியளவு கிறீஸ் தடவி விடுங்க, கூடத் தடவினா பொயின்ட்ஸ் வாய்க்குப் பறந்து அதுவே கருகும்.

பின்னொரு நாளைக்கு பிஸ்டன் மாத்த வந்தா, உங்கட ரெட்டைச் சிலிண்டர், ரெண்டு பிஸ்டனும் ஒரே நிறை இருக்கணும். மலிஞ்ச செட் எண்டா நகைக்கடைத் தராசில வச்சுப் பாக்காம போட விடாதீங்க, நான் கல்முனையில ஒரு நகைக்கடையில கேட்டு நிறுத்தனான், சிரிச்சுக்கொண்டுதான் நிறுத்துத் தந்தாங்க.

அப்பா கழட்டின பழைய பொயின்ட்ஸ் வீட்டில எங்கயாவது டப்பாவுக்குள்ள கிடக்கும், அந்தக் காலத்து மனுசர் எறிஞ்சிருக்க மாட்டார். தேடி எடுங்க. குதிக்கால் முழுசா இருந்தா வாய மட்டும் மெல்லிய அரத்தால தட்டையா எடுத்துப் போடலாம், புதுசா வாங்கினத விட அது கூட நாள் ஓடும்.