மிஞ்சிய ஐந்து கோழிகளை விற்கலாமா?

கேள்வி: ஐயா, என்னிடம் 14 ஊர்க்கோழிகள் நின்றன. ஒரு கிழமைக்குள் ஒன்பது செத்துவிட்டன. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கின. இரண்டு பேடுகளுக்குக் கழுத்தும் முறுகிவிட்டது. அன்டிபயோட்டிக் தூள் கலந்து வைத்தும் பலனில்லை. தடுப்பு மருந்து விட்ட பக்கத்து வளவிலும் கோழிகள் செத்தனவாம். மிஞ்சிய ஐந்தையும் விற்றுவிடவா?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: விற்க வேண்டாம் தங்கச்சி. சும்மாகூட ஒருவருக்கும் கொடுக்காதீர்கள். இந்த நோய் தொற்றி ஐந்தாறு நாள், சிலவேளை இரண்டு கிழமைவரை, கோழி நன்றாகவே நிற்கும். நான் பொடியனாக இருந்தபோது எங்கள் அம்மா, தப்பிய இரண்டு பேடுகளை "இங்கே நின்றால் செத்துப்போகும்" என்று சாக்கில் போட்டு முறிகண்டியில் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பினார். பத்து நாளில் சின்னம்மாவின் கூடு வெறுமையாகிவிட்டது. அடை கிடந்த கோழி முட்டையின் மேலேயே செத்துக் கிடந்ததாம். அம்மா கடைசிவரை அதைச் சொல்லிக் கவலைப்பட்டார்.

நீங்கள் எழுதியதெல்லாம் ராணிகெட் நோயின் குணம். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டதால் நியூகாசில் நோய் என்றும் சொல்வார்கள். ஆனால் பறவைக் காய்ச்சலும் இப்படிக் கூட்டமாகக் கொல்லும் என்பதால், அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு இன்றைக்கே அறிவியுங்கள். இது வைரஸ் நோய். அன்டிபயோட்டிக் அந்த வைரஸை ஒன்றும் செய்யாது. வந்தபின் குணமாக்க மருந்தே இல்லை.

சரி, பக்கத்து வளவில் ஏன் செத்தன? ஏற்கெனவே தொற்றிய கோழிக்குத் தடுப்பு மருந்து விட்டிருக்கலாம். இல்லாவிட்டால் மருந்து சூட்டில் பழுதாகியிருக்கலாம். தொழிலுக்கு வந்த புதிதில் நானே அந்தப் பிழையை விட்டேன். சித்திரை வெயிலில், குப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாங்குளத்திலிருந்து ஓர் ஆச்சி வீட்டுக்குச் சைக்கிள் மிதித்தேன். நாங்கள் கண்ணில் விடும் மருந்து உயிருள்ள வைரஸைப் பலவீனமாக்கிச் செய்தது. சூடு பட்டால் அது செத்துவிடும். அந்த வீட்டுக் கோழிகள் போனபின், "நீ மருந்து விட்டதால்தான் செத்தது தம்பி" என்று அந்த ஆச்சி சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதன்பிறகு ஐஸ் போட்ட பிளாஸ்க் இல்லாமல் நான் ஒரு படலையும் தாண்டியதில்லை. 2 முதல் 8 பாகை குளிரில் வைத்து, கலக்கினால் உடனே விட்டு முடிக்க வேண்டும். தலையைச் சரித்துப் பிடித்து ஒரு கண்ணில் ஒரே துளி. கோழி கண்ணை இமைத்துத் துளி உள்ளே போகும்வரை கையை எடுக்கக்கூடாது. கையைக் கழுவாமல் உங்கள் கண்ணைத் தொடாதீர்கள், சிவந்துவிடும்.

செத்தவற்றைக் குளத்திலோ பற்றைக்குள்ளோ எறியாமல் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுத் தாழுங்கள். கடைசிக் கோழி செத்து ஒரு மாதமாவது போகாமல் புதிதாக வாங்க வேண்டாம். அப்புறம் குஞ்சுக்கு ஒரு கிழமையில் முதல் துளி, நாலாம் கிழமையில் மறுபடி, பிறகு மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை. ஒரு குப்பி நூறு கோழிக்கு மேல் காணும். ஒழுங்கையில் உள்ளவர்களோடு கதைத்து எல்லா வளவுக்கும் ஒரே நாளில் விடப் பாருங்கள்.